புதுப்பிப்பு: கருத்தடைக்காக வெட்டிய விந்துக்குழாயைத் திரும்ப இணைத்து மூன்று மாதம்

சித்திரையில் இங்கே கேட்டிருந்தேன்: கருத்தடை செய்து 7 வருஷமாச்சு, மகனைக் காய்ச்சலில் இழந்துவிட்டோம், விந்துக்குழாயைத் திரும்ப இணைத்தால் பலன் கிடைக்குமா என்று. பதில் எழுதிய அண்ணன்மார், அக்காமாருக்கு இது.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகு பாம்பனில் கட்டிக் கிடந்த வாரமே மதுரையில் செய்துகொண்டேன். மருத்துவர் முதலில் கேட்டது, எத்தனை வருஷமாச்சு, மனைவிக்கு என்ன வயசு. 1991-இல் வந்த அமெரிக்க ஆய்வைக் காட்டினார். 3 வருஷத்துக்குள் என்றால் நூற்றில் 97 பேருக்கு விந்தணு திரும்பியது. 15 வருஷமோ அதற்கு மேலோ என்றால் 71 பேருக்கு. மனைவிக்குக் கரு தங்கியது 3 வருஷத்துக்குள் என்றால் நூற்றில் 76, 15-க்கு மேல் என்றால் 30. என் கணக்கில், அதாவது 3 முதல் 8 வருஷத்தில், விந்தணு திரும்பியது 88, கரு தங்கியது 53.

அப்புறம், வெட்டிய முனையில் கசியும் நீரை அங்கேயே நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எனக்குத் தெளிவாக, விந்தணுவோடு இருந்ததால் குழாயோடு குழாயைத் தைத்தார்கள். கெட்டியாக, அணுவே இல்லாமல் இருந்தால் எபிடிடைமிஸில், அதாவது விதையை ஒட்டியிருக்கும் சுருள் குழாயில், இணைக்க வேண்டிவரும். அது இன்னும் கடினம். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. அதனால் இதில் கைப்பழக்கம் உள்ள மருத்துவரைத் தேடுங்கள், அதைத்தான் முதலில் சொல்வேன்.

ஒரு மாதம் வலை இழுக்கவில்லை, ஐஸ் பெட்டி தூக்கவில்லை. நேற்றுப் பரிசோதனை: விந்தணு வந்திருக்கிறது, அசைவு குறைவு. தாளை மனைவி மடித்து மகன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். அடுத்த பரிசோதனை ஐப்பசியில்.