பழைய காரின் ஏசி பிரஷர் சுவிட்சை மாற்ற வேண்டுமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
என்னுடைய 1999ஆம் ஆண்டுக் காரில் ஏசி போட்டால் கம்ப்ரசர் கிளட்ச் (கம்ப்ரசரை எஞ்சினோடு இணைக்கும் பாகம்) இரண்டு நொடி பிடித்துவிட்டு விட்டுவிடுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கண்ணாடியை இறக்கவும் முடியவில்லை. பிரஷர் சுவிட்சை மாற்றினால் சரியாகுமா?

பதில் 1:
முதலில் ஏசி கேஸின் அழுத்தத்தைக் கேஜ் (அழுத்தமானி) வைத்துப் பாருங்கள். கேஸ் குறையும்போது அதோடு சுற்றும் எண்ணெயும் திரும்பாமல் கம்ப்ரசர் இறுகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. அதை ஒயர் போட்டு இணைத்து ஓட்டிவிடாதீர்கள்.

பதில் 2 (ராயபுரம்):
சில கார்களில் சுவிட்சுக்கு அடியில் டயர் வால்வு போன்ற ஊசி வால்வு இருக்கும். அது இருந்தால் கேஸை இறக்காமலே கழற்றலாம், இல்லையென்றால் மெஷினில் கேஸை எடுத்த பிறகுதான் தொட வேண்டும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள்.

கேட்டவர்:
கேஸ் குறைவுதான். சுவிட்சின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தது. சோப்பு நுரை வைத்ததும் அங்கேயே குமிழி வந்தது. நன்றி.