"பெரிய வீடு" குரூப்பில்: ஹனோயும் காலால் துடுப்புப் போடும் ஊரும்

செவ்வாய்

கவிதா: வியட்நாம் தலைநகர் ஹனோய் வந்து சேர்ந்துவிட்டோம், எல்லோரும் நலம். அம்மா தூங்குகிறார். அப்பா ஜன்னலில் நின்று ஸ்கூட்டர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அத்தை: அங்கே மணி என்னடி? சாப்பிட்டீர்களா? அண்ணாவுக்கு மாத்திரை கொடுத்தாயா?

கவிதா: நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் அத்தை. மாத்திரை ஆச்சு. சாப்பாடுதான் ஒரு கதை, தெருமுனையில் 'சாய்' என்று போர்டு இருந்தது, அப்பா டீக்கடை என்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார், பார்த்தால் இங்கே சாய் என்றால் சைவமாம். சோறும் காளானும் டோஃபுவும் வந்தன. அமாவாசை பௌர்ணமிக்கு இவர்களிலும் நிறைய பேர் சைவம்தானாம். மற்ற கடைகளில் வெறும் கீரை கேட்டாலே மீன் சாஸ் ஊற்றிவிடுகிறார்கள், அதனால் அம்மா அந்த ஒரு சொல்லை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டார்.

பிரபு: அக்கா, ரோட்டைக் கடந்தீர்களா? எல்லோரும் அதைத்தான் பயமுறுத்துகிறார்கள்

கவிதா: கடந்தோம். நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, பின்னால் வரக் கூடாது. ஒரே வேகத்தில் நடந்தால் வண்டிகள் தாமாக விலகிப் போகின்றன. அம்மா "முருகா முருகா" என்றே நடந்தார்.

கவிதா: சாயங்காலம் ஹோவான் கியெம் ஏரி. லே லோய் என்ற அரசர் போரில் ஜெயித்த பிறகு தன் வாளை இந்த ஏரியில் ஒரு ஆமையிடம் திருப்பிக் கொடுத்தாராம், ஏரியின் பெயருக்கே திருப்பிக் கொடுத்த வாள் என்றுதான் பொருள். ஏரியில் கடைசியாக இருந்த பெரிய ஆமை 2016-இல் செத்துப்போனது. சிவப்பு மரப்பாலம் தாண்டினால் கோயில், அங்கே ஒரு ஆமையைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். கட்டில் அளவு இருக்கும்!

அப்பா: கரும்புச் சாறு நன்றாக இருந்தது.

கவிதா: அப்பா பாதியை மறைக்கிறார். 😄 இங்கே 20,000 டாங் நோட்டும் நீலம், 5 லட்சம் டாங் நோட்டும் நீலம். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கிளாஸ் சாறு 20,000, அப்பா 5 லட்சத்தை நீட்டிவிட்டு நடையைக் கட்டிவிட்டார். அந்த அம்மா கரும்பு மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து சைபரை விரலால் எண்ணிக் காட்டினார். இப்போது பர்ஸ் அம்மாவிடம்.

புதன்

அத்தை: இன்றைக்கு எங்கே?

கவிதா: இலக்கியக் கோயில். 1070-இல் கட்டியது, கன்ஃபூசியஸ் என்ற பழைய சீன ஞானிக்கு. அந்தக் காலத்து அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயரை வெட்டிய 82 கல்வெட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கல் ஆமையின் முதுகில் நிற்கிறது. பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் ஆமைத் தலையைத் தடவிவிட்டுப் போவார்களாம்.

அத்தை: நம்ம சின்னவன் நீட் எழுதியிருக்கிறானே, ரிசல்ட் வரவில்லை, அவனுக்காக ஒரு தடவை தடவிவிடு

கவிதா: தேய்ந்துபோகிறது என்று அடைத்துவிட்டார்கள் அத்தை. அம்மா தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டார்.

கவிதா: ராத்திரி நீர்ப்பொம்மலாட்டம். மேடையே தண்ணீர். ஆட்டுகிறவர்கள் மூங்கில் திரைக்குப் பின்னால் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறார்கள். முன்பு வயலிலும் குளத்திலும் ஆடியதாம்.

வியாழன்

பெரியப்பா: என்ன பாப்பா, இன்று சத்தமே இல்லை

கவிதா: நிங் பின் போய்விட்டு இப்போதுதான் வந்தோம் பெரியப்பா, தெற்கே இரண்டு மணி நேரம். முதலில் ஹோவா லு, 968-இலிருந்து தலைநகரம், பிறகு 1010-இல் ஹனோய்க்கு மாற்றிவிட்டார்கள்.

பெரியப்பா: 1010 நம் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கட்டி முடித்த வருஷம்.

கவிதா: அப்பாவும் அங்கேயே இதைச் சொல்லிவிட்டார்! அப்புறம் தாம் கோக், அப்படியென்றால் மூன்று குகை. சுண்ணாம்புக்கல் மலைகள் நட்டுக்க நிற்கின்றன, நடுவில் ஆறு, ஆற்றின் இரண்டு பக்கமும் நெல், சரியாக அறுவடை நேரம், எல்லாம் மஞ்சள். படகுக்கு இரண்டு பேர்தான், நான் தனிப் படகில். துடுப்பைக் கையால் போடுவதில்லை, அந்த அம்மா சாய்ந்து உட்கார்ந்துகொண்டு உள்ளங்காலால் மாற்றி மாற்றி உதைக்கிறார், கையில் குடை! முதல் குகை 127 மீட்டர், மலைக்கு அடியிலேயே படகு போகிறது, தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஜில்லென்று இருக்கும்.

பிரபு: கால் வலிக்காதா அவர்களுக்கு?

அப்பா: ஏற்றம் மிதிக்கிற மாதிரிதான் பிரபு, பழகினால் வலிக்காது. அண்ணே, நெல் பார்த்தேன். கதிர் தலை சாய்ந்து படகை உரசுகிறது. கையை நீட்டி ஒரு கதிரைக் கசக்கிப் பார்த்தேன், பதர் குறைவு. இங்கே ஒரு போகம்தான். மழைக்காலத்தில் ஆறு ஏறி வயல் முழுகிவிடுமாம், அதனால் தை மாசி வாக்கில் நட்டு இப்போது அறுக்கிறார்கள். படகு ஓட்டுகிற அம்மாவுக்கும் அதில் கொஞ்சம் நிலம் இருக்கிறதாம்.

பெரியப்பா: ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டாயா?

அப்பா: கேட்டேன். கவிதா போனில் மொழிபெயர்த்தாள். "உங்கள் அரிசி அழகாக இருக்கிறது" என்று அது என்னமோ சொல்லிவிட்டது, அந்த அம்மா சிரித்துவிட்டு நன்றி சொன்னார்.

கவிதா: மூவா குகை இருக்கிற மலையில் ஏறத்தாழ 500 படி, நான் மட்டும் ஏறினேன். உச்சியில் கல் டிராகன், அங்கிருந்து பார்த்தால் ஆறு பாம்பு மாதிரி நெளிகிறது. கீழே வந்தால் அப்பா வயல் வரப்பில் ஒருவரோடு உட்கார்ந்திருக்கிறார், இருவருக்கும் ஒரு சொல் புரியாது, கையாலேயே பேச்சு.

அத்தை: துணிமணி ஏதாவது வாங்கினீர்களா

கவிதா: படகு திரும்பும் இடத்தில் எம்பிராய்டரி விற்றார்கள், அம்மா இரண்டு மேஜை விரிப்பு எடுத்தார். ஒன்று உங்களுக்கு.

அப்பா: அண்ணே, 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பார்களா? சனிக்கிழமை ஊருக்கு வந்துவிடுவேன். அதுவரை குறுவைக்கு விதை எடுக்க வேண்டாம், பேசி முடிவு செய்யலாம்.

பெரியப்பா: நேற்றே எடுத்தாச்சு