தேயிலைத் தொழிற்சாலைக் குழுவை வழிநடத்த ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். படுகர் ஊர்களிலிருந்து வருபவர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினர், வடமாநிலத்தவர் எனப் பலரும் சேர்ந்த குழு இது. உழைப்பில் எவரும் சளைத்தவர் அல்லர். ஆனால், இலை சரியாக வாடாமல் அரைப்புக்குச் சென்றாலோ, உலர்த்தியின் சூடு குறைந்தாலோ, அதை முதலில் காண்பவர் உடனே சொல்வதில்லை. சொன்னால் பழி தம்மீது விழும் என்ற அச்சமே காரணம் எனக் கருதுகிறேன். புளிக்கவைக்கும் நேரம் கடந்துவிட்டால் அந்தத் தேயிலையின் தரத்தை மீட்க வழியில்லை என்பதால், இந்த மௌனம்தான் என்னை மிகவும் வருத்துகிறது.

தவற்றை அச்சமின்றிப் பேச முடிகிற குழுக்களே நன்கு கற்றுக்கொள்கின்றன என்று ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அதை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆயினும், மூத்தவர் முன் இளையவர் வாய்திறக்கத் தயங்கும் இடத்தில் அதை எங்கிருந்து தொடங்குவது? ஷிப்ட் மாறும்போது இரு தரப்பினரும் இயந்திரங்களின் அருகிலேயே நின்று நிலவரம் பேசும் வழக்கத்தைக் கொண்டுவர எண்ணுகிறேன். குன்னூர், கூடலூர்ப் பகுதிகளில் இவ்வாறு செய்து பார்த்தவர்கள், யாரை முதலில் பேசவைத்தீர்கள், கூலிப் பிடித்தம் பற்றிய அச்சத்தை எப்படிப் போக்கினீர்கள், தமிழ் தெரியாதவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்பதை விரிவாக எழுதி உதவுமாறு வேண்டுகிறேன்.