எரிச்சல் நின்னா நரம்பு ஆறிடுச்சுன்னு அர்த்தமில்லை

காட்பாடி, பாதப் பரிசோதனை:
சர்க்கரைக்காரங்க கிட்ட முதல்ல கேட்க வேண்டியது "எரியுதா"ன்னு இல்லை, "செருப்பு கழண்டா தெரியுதா"ன்னுதான். உடம்பிலேயே நீளமான நரம்போட நுனிதான் முதல்ல கெடும். அதனால ரெண்டு கால் விரல்லயும் ஒரே மாதிரி மதமதப்பு ஆரம்பிக்கும். அது முழங்கால் கிட்ட ஏறும்போது கைவிரல் நுனியும் மரக்கும். ராத்திரி எரிச்சல், போர்வை பட்டாலே கூச்சம், பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச மாசத்துல "எரிச்சல் நின்னுடுச்சு"ன்னு சந்தோஷமா வர்றவங்கதான் கவலைக்குரியவங்க. கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்துல வளையற நைலான் இழையைப் பெருவிரல் அடியில அது வளையற வரைக்கும் ஒரு நொடி அழுத்தினா, "வெச்சீங்களா?"ன்னு கேட்பாங்க. அங்க உணர்வே போயிடுச்சு. காய்ப்பு ஏறின இடத்துல மட்டும் இழையை வைக்காதீங்க, முடிவு தப்பா வரும்.

குடியாத்தம், செவிலியர்:
ஆமாண்ணே. ஆனா ஒரு பக்கம் மட்டும்னா கணக்கே வேற. பீடி சுத்துறவங்க மணிக்கணக்கா கால் மடக்கி உட்காரும்போது, முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பு முண்டு கிட்ட நரம்பு நசுங்கும். பாதத்தைத் தூக்க முடியாம தட்டித் தட்டி நடப்பாங்க. சுண்டுவிரல் மரத்து, தொட்டா தெரியாத வெளிறின தேமலும் இருந்தா, முழங்கைக்கு உள்பக்கமா பின்னால தடவிப் பாருங்க. நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருந்தா தொழுநோயைச் சந்தேகிக்கணும். மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசம். பக்கத்துல கரிகிரியில 1955லிருந்து இதுக்கான மருத்துவமனை இருக்கு. இன்னமும் களிம்பு தடவி நாளைக் கடத்துறதைப் பார்த்தா மனசு ஆறலை.

சித்தூர், மருந்தாளுநர்:
இங்க தெலுங்குல "திம்மிர்லு", அதாவது மதமதப்புன்னு சொல்லி நரம்பு மாத்திரை கேட்பாங்க. வாங்குறதுக்கு முன்னாடி ரத்தத்துல பி12 வைட்டமின் அளவு பாருங்க. மாத்திரை போட்டப்புறம் பார்த்தா அளவு ஏறித்தான் காட்டும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 குறையலாம். அப்போ வெறும் ஃபோலிக் அமிலம் மட்டும் போட்டா ரத்தசோகையைச் சரி பண்ணும், நரம்புச் சேதம் உள்ளுக்குள்ள தொடரும். பி6 வைட்டமின் அதிக அளவுல மாசக்கணக்கா போனா, அதுவே காலை மரக்க வைக்கும். முகம் கழுவக் கண்ணை மூடினதும் தள்ளாடுதுன்னா கடைக்கு வராதீங்க, நரம்பியல் டாக்டரைப் பாருங்க.

குடியாத்தம், செவிலியர்:
ரெண்டு மூணு நாளுக்குள்ள கால் பலம் குறைஞ்சு மேல ஏறினா, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி. அது மூச்சுத் தசையையும் தொடும்.

காட்பாடி, பாதப் பரிசோதனை:
அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க: வெந்நீர்ச் சூட்டைக் காலை விட்டுப் பார்க்காதீங்க, முழங்கையால பாருங்க. கையும் மரத்திருந்தா வீட்ல வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க.