முதல் ரோபோ கார்: அப்பா பூட்டித் தரலாமா?

முகப்புத்_திண்ணை:
மகளுக்கு 9 வயசு. வர்ற லீவுல கானாடுகாத்தான் வீட்டுல பங்காளி வீட்டுப் பிள்ளைகள்லாம் கூடும். அதுக்காக ஒரு ரோபோ கார் கிட் வாங்கிட்டேன். அக்ரிலிக் தகடு, நாலு மஞ்சள் மோட்டார், வண்டிக்கு மூளையா அர்டுயினோ போர்டு, மோட்டாருக்கு மின்சாரத்தைப் பிரிச்சு விடுற எல்298என் டிரைவர், முன்னாடி ரெண்டு கண்ணு மாதிரி அல்ட்ராசோனிக் சென்சார். நட்டு போல்ட்டு மட்டுமே ஒரு கை இருக்கு. பிள்ளை பார்த்து மிரண்டுரும். அதனால ராத்திரி நானே உக்காந்து பூட்டி, புரோகிராமும் ஏத்தி, ஓடுற வண்டியாக் கொடுக்கலாம்னு இருக்கேன். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நிரல்_தம்பி:
தாராளமாப் பூட்டிக் கொடுங்கண்ணே. நட்டு முடுக்குறது மெக்கானிக் வேலை, ரோபோன்னா புரோகிராம்தான். ஸ்க்ராட்ச் மாதிரி கட்டத்தை இழுத்துப் பொருத்துற முறையில ஆரம்பிங்க. அது 2007-ல வந்ததே 8 வயசுக்கு மேல உள்ள பிள்ளைகளை மனசுல வச்சுத்தான். ‘முன்னாடி 20 செ.மீ.க்குள்ள ஏதாவது இருந்தா நில்லு, திரும்பு’ன்னு பிள்ளையே எழுதி வண்டி கேக்கணும். அது இல்லேன்னா ரிமோட் காருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

வளவு_ஆச்சி:
பூட்டிக் கொடுக்காதீங்க தம்பி. பள்ளிக்கூடத்துல அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவ நான். ஆனா இதைக் கத்துக்கிட்டது வீட்டுலதான்.

மூத்த பேரனுக்கு என் மகன் உங்களை மாதிரியே எல்லாம் முடிச்சுக் கொடுத்தான். ரெண்டு நாள் ஓட்டினான், மூணாம் நாள் பரண்ல ஏறிருச்சு. அடுத்து 8 வயசுப் பேத்தி. இந்தத் தடவை போர்டு, டிரைவர், சென்சார் எல்லாத்தையும் எடுத்து அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். தகடு, ரெண்டு மோட்டார், முன்னாடி ஒரு சுழல் சக்கரம், பாட்டரிப் பெட்டி, ஒரு சுவிட்ச், ஒரு திருப்புளி, அவ்வளவுதான் கொடுத்தேன். ஒரு மத்தியானம் பூராப் பூட்டினா. சுவிட்சைப் போட்டதும் வண்டி நின்ன இடத்துலயே பம்பரமாச் சுத்துது. எனக்கு ஏன்னு தெரியும், சொல்லலை. வாயை மூடிக்கிட்டு இருக்குறது பெரிய பாடு. வண்டியைத் தூக்கிப் புடிச்சு, ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால தொட்டுப் பார்த்தா. ஒண்ணு முன்னாடி ஓடுது, ஒண்ணு பின்னாடி. கொஞ்ச நேரம் முழிச்சுட்டு, ஒரு மோட்டார்ல சிவப்பையும் கறுப்பையும் பிரிச்சு மாத்தித் திருகினா. வண்டி நேரா ஓடி நிலைப்படியில இடிச்சது. அன்னிக்குச் சாப்பிடக் கூப்பிட்டும் வரலை.

அந்த ஒயரை நீங்க ராத்திரியே சரியா மாட்டி வச்சுட்டா அவளுக்குக் கண்டுபிடிக்க என்ன இருக்கு?

புரோகிராம் இல்லாட்டி ரோபோ இல்லைங்கிறதும் சரியில்லை. 1948, 49-ல இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்துல கிரே வால்டர்னு ஒரு ஆராய்ச்சியாளர் ரெண்டு ஆமை ரோபோ செஞ்சார். மூளைக்கு ரெண்டே வால்வு, பழைய ரேடியோவுல இருக்குமே அந்தக் கண்ணாடிக் குழாய். வெளிச்சத்தைத் தேடிப் போகும், முட்டினா விலகும். புரோகிராம்னு ஒரு வரி கிடையாது.

பனங்காடு:
ஆச்சி, நீங்களும் பாதி வழிதான் வந்திருக்கீங்க. கிட்டுல உள்ள ஒவ்வொரு துளையும் எவனோ போட்டது. போட்ட துளையில போட்ட போல்ட்டை மாட்டுறதுக்கு இவ்வளவு காசா? நுங்கைத் தின்னுட்டு ரெண்டு மட்டையை எடுத்து, நடுவுல குச்சி சொருகி, கவட்டைக் கம்பால தள்ளிக்கிட்டுத் தெருவைச் சுத்துனவன் நான். துளை நடுவுல விழலைன்னா வண்டி தத்தித் தத்திப் போகும். யாரும் வகுப்பெடுக்கலை. முதல் வண்டி அதுவா இருக்கட்டும். கிட் எல்லாம் நம்ம பெருமைக்கு வாங்குறது.

நிரல்_தம்பி:
நுங்கு வண்டி தூணைப் பார்த்துத் தானாத் திரும்புமாண்ணே?

பனங்காடு:
உங்க ரோபோ திரும்புதா? சொந்தக்காரங்க வீட்டு வளவுல பார்த்தேன். சுவரைக் கண்டா ஒழுங்கா ஒதுங்குது. தேக்குத் தூணைக் கண்டா நேரா போய் முட்டுது.

நிரல்_தம்பி:
ஆமா, முட்டும். அந்தச் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலி வர்ற நேரத்தை அளக்குது. தட்டையான சுவர் ஒலியை நேராத் திருப்பி அனுப்பும். உருண்டைத் தூண்ல பட்டா நாலா பக்கமும் சிதறிரும். சேலை, திரைச்சீலை எல்லாம் ஒலியைக் குடிச்சிரும்.

நம்ம வீடுகள்ல இதைவிடக் கூத்து, கறுப்புக் கோட்டைப் பிடிச்சுப் போற வண்டி. கறுப்பு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பும், அதை நம்பித்தான் அது ஓடுது. ஆத்தங்குடிக் கல்லுல விட்டா ஒவ்வொரு பூவோட கறுப்பு இதழையும் கோடுன்னு நினைச்சு ஆடும். முற்றத்து வெயில்ல விட்டா கண்ணே தெரியாது, வெயில்லயே அகச்சிவப்பு இருக்குல்ல. வெள்ளைச் சார்ட் பேப்பர்ல இன்சுலேஷன் டேப் ஒட்டி, நிழல்ல வச்சு ஓட்டணும். ஆனா ஏன் ஆடுதுன்னு பிள்ளை கேக்குற அந்தக் கேள்விக்கு நுங்கு மட்டையில எங்க போறது?

பனங்காடு:
கேள்வி கேக்குற பிள்ளை மட்டையைப் பார்த்தும் கேக்கும். நான் சொன்னதை மாத்திக்கப் போறதில்லை.

வளவு_ஆச்சி:
திண்ணைத் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும், பாட்டரி. நாலு பென்சில் செல் போட்டா 6 வோல்ட். அந்த டிரைவரே ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தின்னுரும். ரீசார்ஜ் செல்லுன்னா மொத்தமே 4.8, மோட்டாருக்கு மிஞ்சுறது 3-க்கும் கீழ. வண்டி முனகும், நகராது. போர்டு போச்சுன்னு கடைக்காரரோட சண்டைக்குப் போகாதீங்க. அதுக்காக 18650 லித்தியம் செல்லைப் பிள்ளை கையில கொடுத்துராதீங்க. ரெண்டு முனையும் எங்கயாவது தொட்டுச்சுன்னா ஒயர் பழுத்துரும், தீயும் பிடிக்கும். சிக்ரி 1953-லேருந்து நம்ம காரைக்குடியில இருக்கு. மின்வேதியியலுக்குன்னே ஒரு ஆய்வகத்தை வச்சிருக்குற ஊர்ல செல்லை விளையாட்டுச் சாமானா நினைக்கக் கூடாது.

முகப்புத்_திண்ணை:
பத்து நாள் கழிச்சு வர்றேன். ஆச்சி சொன்னபடி போர்டை ஒளிச்சு வச்சேன், ரெண்டு மோட்டார் மட்டும் கொடுத்தேன். மக ஒரு போல்ட்டை மூணு தடவை தலைகீழா மாட்டினா. எனக்குத்தான் கை பரபரத்துச்சு, ரெண்டு தடவை எந்திரிச்சு வெளிய போயிட்டேன். இப்ப ஓடுது. ஆனா நேராப் போக மாட்டேங்குது, இடது பக்கமா இழுத்து வளவு ஓரத்துலேருந்து முற்றத்துக்குள்ள குதிக்குது. ஒயர் எல்லாம் சரியாத்தான் இருக்கு.

நிரல்_தம்பி:
மஞ்சள் மோட்டார் ரெண்டு ஒண்ணுபோல அமையுறது அபூர்வம். வலது வேகமா இருக்கும். போர்டை மாட்டி, புரோகிராம்ல வலது மோட்டாரோட வேகத்துக்கு 255-ங்கிற முழு அளவுக்குப் பதிலா 230 கொடுத்துப் பாருங்க, நேராகிரும். இதுக்குத்தாண்ணே முதல்லயே புரோகிராம் வேணும்னேன்.

பனங்காடு:
சக்கரத்துல முடி சுத்தியிருக்கான்னு முதல்ல பாருங்க.

வளவு_ஆச்சி:
போர்டை இன்னும் எடுக்காதீங்க தம்பி. ஒரு வாரம் கோணலாவே ஓடட்டும். குதிக்குற இடத்துல மட்டும் ஒரு தலகாணி போட்டு வைங்க.