புதுப்பிப்பு: மோழைக் (கொம்பில்லாத) கிடாவை இனத்துக்கு விடலாமா?

முன்பு கேட்டது இதுதான்: ஈற்றுக்கு மூன்று குட்டி போடும் ஆட்டுக்குப் பிறந்த கொம்பில்லாத கிடாவை என் மோழைப் பெட்டைகளோடு சேர்க்கலாமா?

சேர்க்கவில்லை. கொம்புள்ள பெட்டைகளோடு மட்டும் விட்டிருக்கிறேன். கொம்பை இல்லாமல் ஆக்கும் மரபணு மாற்றம் ஆட்டின் 1ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அது வந்துவிட்டால், பெட்டையாக வேண்டிய குட்டி இருபால் தன்மையோடு மலடாகிவிடும். ஒரு பிரதி மட்டும் சுமக்கும் இரண்டு மோழைகளைச் சேர்த்தாலே பெட்டைக் கருக்களில் நான்கில் ஒன்றுக்கு இந்தக் கதிதான். ஒரு பிரதி இருந்தாலே கொம்பு வராது; என் கிடாவின் தாய்க்கோ கொம்பு உண்டு, அதாவது அதனிடம் இந்த மாற்றமே இல்லை. அதனால் கிடாவிடம் ஒரு பிரதிதான் இருக்கும், டிஎன்ஏ சோதனை வீண் செலவு என்று சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. யோசித்தால் எளிய கணக்கு!

மூன்று குட்டி விஷயத்தில் பெரிதாக நம்பிக்கை வைக்கவில்லை. ஈற்றளவின் (ஒரு ஈற்றில் போடும் குட்டிகளின் எண்ணிக்கையின்) மரபுவழித் திறன், அதாவது ஆட்டுக்கு ஆடு காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு, சுமார் 10 சதவீதம்தான். மீதியில் தீவனத்துக்கும் வயதுக்கும் பெரும்பங்கு. கிடாவின் மரபு தெரிவதும் அதன் மகள்கள் ஈனும்போதுதான். பெட்டைக்குட்டிகளுக்குக் காதில் எண் போட்டு, ஈற்றுப் பதிவேடு தொடங்கியாயிற்று.