பாம்புக்குத் தனி டப்பாவில் வைத்துத்தான் இரை கொடுக்க வேண்டுமா?

சுமதி_டாலஸ்

எல்லோருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் கார்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பு ஒன்றை வளர்க்கிறான். அதற்கு ஒரு வயது ஆகப்போகிறது, இரண்டடி நீளம் இருக்கும். கண்ணாடித் தொட்டிக்குள்ளேயே எலியைப் போட்டால், கையை உள்ளே விடும்போதெல்லாம் இரை என்று நினைத்துக் கடிக்கும், கீழே கிடக்கும் மரச்சீவலையும் சேர்த்து விழுங்கிவிடும் என்று வாங்கிய கடையில் சொன்னார்கள். அதனால் வாரம் ஒருமுறை குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, அதில் பாம்பை விட்டு எலி கொடுக்கிறோம். தின்று முடித்ததும் பையன் கையால் எடுத்துத் தொட்டியில் விடுவான்.

இந்த வாரம் எடுக்கப் போனபோது அவன் கையைக் கவ்விவிட்டது. பெரிய காயம் இல்லை, வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் எலியைக் கக்கி வைத்திருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை. பாம்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பையன் அழுகிறான். டப்பாவில் கொடுப்பது சரியா? இப்போது என்ன செய்ய வேண்டும்?

கிருஷ்_சான்ஹோசே

எங்கள் வீட்டில் கலிபோர்னியா கிங் ஸ்நேக் இருக்கிறது, அதுவும் விஷமில்லாத பாம்புதான். குட்டியாக இருந்தபோதிலிருந்தே டப்பாவில்தான் சாப்பிடுகிறது. கக்கியதும் இல்லை, கடித்ததும் இல்லை. டப்பாவால்தான் பிரச்சினை என்று எனக்குத் தோன்றவில்லை. எலி பெரிதாக இருந்திருக்கலாம். பாம்பின் உடம்பில் பருத்த இடம் எவ்வளவோ அந்த அளவு எலி போதும், கொஞ்சம் கூடினாலும் ஒன்றரை மடங்கைத் தாண்ட வேண்டாம்.

நடராஜன்_ராலே

சுமதி அக்கா, முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாம்புக்கு இப்போது எதுவும் கொடுக்காதீர்கள். பசிக்குமே என்று தம்பி கெஞ்சினாலும் வேண்டாம். கக்கும்போது வயிற்று அமிலமும் வெளியே வந்துவிடும், உணவுக்குழாய் எரிந்திருக்கும். பத்துப் பதினான்கு நாள் அப்படியே விடுங்கள். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், கையில் எடுக்கவே வேண்டாம். அதற்குப் பிறகு வழக்கமான எலியில் பாதி அளவுள்ள ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அதையும் கக்கினால் தாமதிக்காமல் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போய்விடுங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கும் இடத்தில் இதற்கு வழி தெரியாது. தம்பி கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பீர்கள், அது போதும், விஷமில்லாத பாம்பு. இனி எப்போதாவது கவ்வினால் கையை வெடுக்கென்று இழுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். பற்கள் உள்பக்கமாக வளைந்தவை, இழுத்தால் அவன் தோலும் கிழியும், பாம்பின் பல்லும் உடையும். குழாயில் குளிர்ந்த தண்ணீரைக் காட்டினால் தானாக விட்டுவிடும்.

இனி டப்பா. கடைக்காரர்கள் இதைச் சொல்லாத ஊர் இல்லை. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது.

தொட்டியை நீங்கள் எதற்கெல்லாம் திறக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் மாற்ற, கழிவை அள்ள, பாம்பைக் கையில் எடுக்க. இரை வாரத்துக்கு ஒருமுறைதான். ஆகவே தொட்டி திறந்தால் எலி வரும் என்று அது பழக வாய்ப்பு குறைவு. டப்பா அப்படியில்லை, அதற்குள் போனாலே சாப்பாடுதான். அங்கே நீட்டிய கையைத்தான் அது கவ்வியிருக்கிறது, கவனித்தீர்களா?

எலியின் வால் தொண்டைக்குள் மறைந்ததோடு சாப்பாடு முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். அடுத்த முறை கொஞ்ச நேரம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். முதலில் வாயை அகலத் திறந்து, தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துச் சரிசெய்துகொள்ளும். அப்புறம் நாக்கை வேகமாக நீட்டி நீட்டி, டப்பாவின் மூலை மூலையாக முகர்ந்துகொண்டு போகும். காட்டில் எலி வளைக்குள் நுழைந்த பாம்புக்கு ஒரு குட்டியோடு விருந்து முடிவதில்லை, இன்னும் நாலைந்து கிடக்கும். அதைத்தான் தேடுகிறது. அந்த நேரத்தில் எலி வாசனை நிறைந்த டப்பாவுக்குள், வெதுவெதுப்பாக, அசைந்துகொண்டு ஒரு கை வந்தால் அது வேறு என்ன நினைக்கும்? கழுத்தை ஆங்கில எஸ் எழுத்துபோல மடக்கி வைத்திருந்தால் கிட்டவே போகக் கூடாது. இதைத் தம்பிக்குக் காட்டிக் கொடுங்கள். பாம்பு வளர்ப்பவர் கண்ணால் படிக்கக் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான்.

கக்கியதற்குக் காரணம் என் கணிப்பில் இரண்டு. ஒன்று, சூடு. பாம்புக்குச் சொந்த உடற்சூடு கிடையாது, வெளியிலிருந்து கிடைக்கும் வெப்பத்தை வைத்துத்தான் செரிக்கும். கார்ன் ஸ்நேக்குக்குத் தொட்டியின் சூடான பக்கம் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். டாலஸ் வெயிலுக்கு ஏசி நாள் முழுக்க ஓடும் வீட்டில் குளியலறைத் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு, வயிறு நிறைந்த பாம்பைத் தூக்கியது. பாம்பு செரிப்பது லேசான வேலை இல்லை. பர்மிய மலைப்பாம்புக்கு ஒரு பெரிய இரைக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் இதயமே 40 சதவீதம் பெருத்துவிடுகிறது என்று 2005இல் ஆய்வு வந்தது. கார்ன் ஸ்நேக் அந்த அளவு போகாது. ஆனாலும் இரை எடுத்த பாம்பைக் குறைந்தது 48 மணி நேரம் தொடக் கூடாது என்று அனுபவப்பட்டவர்கள் எல்லோரும் சொல்வது சும்மா இல்லை.

மரச்சீவல் பயத்துக்கு எளிய வழி உண்டு. உறைய வைத்த எலியைத் தண்ணீரில் போட்டு உருக்கினால் ஈரமாக இருக்கும், அதில்தான் சீவல் ஒட்டுகிறது. காகிதத் துண்டால் நன்றாகத் துடைத்து, நீண்ட இடுக்கியில் பிடித்து, தொட்டிக்குள் ஒரு தட்டைக் கல்லின் மேல் காட்டுங்கள். ஒன்றிரண்டு சீவல் உள்ளே போனாலும் பெரும்பாலும் கழிவோடு வந்துவிடும்.

கிருஷ் சொன்னதை நான் மறுக்கவில்லை. சில பாம்புகள் டப்பாவுக்குப் பழகிவிடும், எலி அளவைப் பற்றி அவர் சொன்னதும் சரி. டப்பா தேவைப்படும் இடங்களும் இருக்கின்றன. முட்டையிலிருந்து வந்த குட்டி எலியைத் தொடவே மாட்டேன் என்றால், காற்றுத் துளை போட்ட சின்ன டப்பாவில் அதையும் கண் திறக்காத எலிக்குட்டியையும் ஒன்றாக விட்டு, இருட்டாக மூடி, இரவு முழுக்கத் தொந்தரவு செய்யாமல் வைத்தால் பல சமயம் தின்றுவிடும். ஒரே தொட்டியில் இரண்டு பாம்பு வைத்திருப்பவர்களும் பிரித்துத்தான் கொடுத்தாக வேண்டும். ஒரே எலியை இரண்டும் இரு பக்கமிருந்து விழுங்க ஆரம்பித்தால் கடைசியில் ஒரு பாம்பு மற்றதையும் சேர்த்து விழுங்கிவிடலாம். அவற்றைச் சேர்த்து வைக்காமல் இருப்பதே நல்லது. கிங் ஸ்நேக் காட்டிலேயே மற்ற பாம்புகளைத் தின்பது, அதைச் சேர்த்து வைப்பது பற்றி யோசிக்கவே கூடாது.

கிருஷ்_சான்ஹோசே

தின்று முடித்ததும் நான் கையால் எடுப்பதில்லை. டப்பாவை அப்படியே தொட்டிக்குள் சாய்த்து வைத்துவிடுவேன், அது தானாக வெளியே வந்துவிடும். ஒருவேளை அதனால்தான் எனக்கு இதுவரை சிக்கல் வரவில்லையோ?

நடராஜன்_ராலே

அதேதான் கிருஷ். டப்பா வேண்டும் என்பவர்கள் இப்படித்தான் செய்ய வேண்டும். டப்பாவுக்குப் பூட்டும் மூடி, பக்கவாட்டில் காற்றுத் துளைகள், அடியில் வெறும் காகிதம் இருக்கட்டும். பாம்பு அறையிலேயே, குளிர்ந்த தரையில் படாமல் வையுங்கள். முடிந்ததும் கை படாமல் தொட்டிக்குள் சாய்த்துவிடுங்கள்.

பிரபு_தாம்பரம்

படிக்கவே ஆசையாக இருக்கிறது. இங்கே எங்கள் தெருவில் அடிக்கடி சாரை வருகிறது. குட்டி ஒன்றைப் பிடித்து வளர்க்கலாமா?

நடராஜன்_ராலே

வேண்டாம் பிரபு. சாரையைப் பிடித்து வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், காட்டில் பிறந்த பாம்பு பெட்டிக்குள் இரை எடுக்காமல் வாடிப்போகும். வெளியில் இருந்தால் உங்கள் தெருவில் எலியைக் குறைக்கும். விட்டுவிடுங்கள்.

சுமதி_டாலஸ்

நடராஜன் தம்பி, ரொம்ப நன்றி. வெப்பமானி வைத்துப் பார்த்தோம். தொட்டியின் சூடான பக்கம் 30 காட்டுகிறது, குளியலறைத் தரை 21தான்! டப்பாவைப் பையனே எடுத்துப் போட்டுவிட்டான். இனி தொட்டிக்குள்ளேயே கொடுக்கிறோம். ஆனால் அவன் இப்போது கையை உள்ளே விடவே பயப்படுகிறான். அதற்கு ஏதாவது வழி உண்டா? எலியை இதுவரை மைக்ரோவேவில்தான் சூடாக்கினேன், அது சரிதானா?

நடராஜன்_ராலே

மைக்ரோவேவ் கூடவே கூடாது அக்கா. ஒரு பக்கம் வெந்துவிடும், நடுவில் உறைந்தே இருக்கும், சில சமயம் வெடித்தும் விடும். முதல் நாள் இரவு மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கொடுப்பதற்கு முன் பிளாஸ்டிக் பையில் போட்டு வெந்நீரில் கொஞ்ச நேரம். வயிற்றை அழுத்தினால் உள்ளே கட்டி தட்டக் கூடாது. உறைய வைத்தாலும் சால்மொனெல்லா கிருமி சாகாது. அதனால் பாத்திரம், இடுக்கி எல்லாம் தனியாக இருக்கட்டும், சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் பாம்பையும் எலியையும் தொட விட வேண்டாம்.

தம்பி பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. இரை கொடுக்காத நாளில் கையில் எடுப்பதற்கு முன் பாம்பின் நடு உடம்பில் ஒரு கம்பியாலோ காலியான காகித உருளையாலோ மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். தலையைத் தொட வேண்டாம். இன்றைக்குச் சாப்பாடு இல்லை என்று சில வாரங்களில் அதற்குப் புரிந்துவிடும். இரை நாளில் கம்பி வேண்டாம், இடுக்கி மட்டும். கண் பால்போல மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, அந்த நாட்களில் எடுக்கவே வேண்டாம். இந்தப் பதினான்கு நாள் முடிந்து, சின்ன எலி உள்ளே தங்கி, அடுத்த இரையும் தங்கிய பிறகு இதை ஆரம்பியுங்கள்.